இறக்கத்தில் இரண்டாவது கியர்

அத்தையின் தலை தோளில் சாய்ந்தபோது அவனுக்கு முதலில் வந்தது கூச்சம்தான். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் மாமியாரும் மருமகனும் ஒரே சோபாவில் உட்கார்ந்ததில்லை. அவன் கூடத்துக்கு வந்தால் அத்தை எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். அத்தை வந்தால் அவனுக்கு மாடியில் ஏதாவது வேலை முளைத்துவிடும். சண்டை ஒன்றும் கிடையாது, மரியாதை அவ்வளவுதான். அப்படிப்பட்டவர் இந்த மலை உச்சியில், முன்பின் தெரியாதவர்கள் போய்வரும் பாதையோரப் பெஞ்சில், அவன் தோளில் தலை வைத்துத் தூங்குகிறார். விழித்ததும் அவருக்கு எவ்வளவு சங்கடமாக இருக்கும் என்று நினைத்து, அவன் அசையாமல் எதிரே இருந்த சிகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அது தேசியப் பூங்காவின் குடும்பப் பாதை. நுழைவாயில் பலகையில் ஓர் அப்பா, ஓர் அம்மா, இரண்டு குழந்தைகள் கைகோத்துச் சிரிக்கும் படம் போட்டிருந்தது. மாமியாரைப் படத்தில் சேர்க்கவில்லை. ஏற்றம் குறைவு, சின்னக் குழந்தைகளும் நடக்கலாம், மெதுவாக நடங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று கீழே எழுதியிருந்தார்கள். மரங்களெல்லாம் கீழேயே நின்றுவிட்ட உயரம் அது. இடுப்பளவுப் புதர்களும் பாறையும், நிழல் விழும் இடங்களில் அழுக்கேறிய பனித்திட்டுகளும்தான் மிச்சம். காரில் வைத்திருந்த சிப்ஸ் பாக்கெட்டுகள் உயரம் ஏற ஏற உப்பித் தலையணைபோல் ஆகியிருந்தன.

பாதை ஒரு சின்ன ஏரிவரை போய் அப்படியே திரும்புகிறது. வழியில் ஆங்காங்கே ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் கயிற்றில் கட்டிய ரப்பர் முத்திரை. பருந்து, மலையாடு, முயல் என்று ஒவ்வொரு முத்திரையிலும் ஓர் உருவம். வாயிலில் தந்த அட்டையில் எல்லாவற்றையும் குத்திக்கொண்டு வரும் குழந்தைக்குச் சட்டையில் மாட்டிக்கொள்ள ஒரு பேட்ஜ் உண்டு. இப்படி ஓர் ஆசையைக் காட்டினால் எந்தக் குழந்தை மெதுவாக நடக்கும்? அவனுடைய பெண்கள் இருவரும் முதல் கம்பத்திலேயே ஓட்டம் பிடித்துவிட்டார்கள். அவர்கள் பின்னால் அவன் மனைவி போனாள். முட்டிவலிக்காரனான அவனும் அறுபத்தெட்டு வயது அத்தையும்தான் பின்தங்கினார்கள்.

பெஞ்சுக்குப் பக்கத்திலேயே ஒரு கம்பம் இருந்தது. யாரோ ஒரு சிறுமியும் அவள் தம்பியும் ஓடிவந்தார்கள். அத்தையைப் பார்த்ததும் சிறுமி குரலைத் தாழ்த்திக்கொண்டு, பாட்டி தூங்குகிறார்களா என்று கேட்டாள். அவன் தலையாட்டினான். இருவரும் சத்தம் வராமல் முத்திரையை அழுத்திவிட்டு நுனிக்காலில் நடந்து போனார்கள். நல்ல வளர்ப்பு என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அத்தைக்கு உண்மையிலேயே தூக்கம் தேவைப்பட்டிருக்கும். காலையில் நடந்தது அப்படி.

அத்தை முப்பது வருஷம் டிரைவிங் ஸ்கூல் டீச்சராக இருந்தவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம்தான் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றார்கள். பேங்க் மேனேஜர், பல் டாக்டர், பள்ளிக்கூடத் தலைமையாசிரியை என்று யாராக இருந்தாலும் வண்டிக்குள் வந்துவிட்டால் அத்தையிடம் திட்டு வாங்காமல் இறங்க முடியாது. சந்தையில் பார்த்தால் இன்றைக்கும் அவர்கள் பயந்து வணக்கம் சொல்வார்கள். ஆனால் வாத்தியார் பிள்ளை மக்கு என்று சும்மாவா சொன்னார்கள்? பெற்ற மகள் மட்டும் அம்மாவிடம் தேறவில்லை. நாலாம் நாள் பாடத்தில், நடுரோட்டில், சிக்னல் சிவப்பாக இருக்கும்போதே கதவைத் திறந்து இறங்கி வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள். பிறகு எதிர்த்தெருவில் இருந்த போட்டி ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கினாள். ஊர் சிரித்தது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை, அந்த ஸ்கூல்காரரோடு பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

அவனுக்குச் சொல்லித்தருவதாகவும் கல்யாணமான புதிதில் அத்தை சொல்லியனுப்பினார். அவனுக்கு வண்டி என்றாலே பயம். இன்றைக்கு நாளைக்கு என்று சாக்குச் சொல்லியே தப்பித்துவிட்டான். ஆகவே குடும்பத்தில் வண்டி ஓட்டுவது மனைவி, ஓட்டுவதைக் குறை சொல்வது மாமியார், பின்சீட்டில் பெண்களோடு உட்கார்ந்து வாந்தி வராமல் பார்த்துக்கொள்வது அவன் என்று ஆகிவிட்டது.

டீச்சர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் வைத்த வண்டியில் முப்பது வருஷம் இருந்த கால் அத்தையின் கால். மலையேறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அது தன்னால் தரையை மிதித்தது. கூடவே வாயும் சும்மா இருக்கவில்லை. ஹாரன் கொடு, ஓரம் பார், கியரைக் குறை, எதிரே லாரி. மகள் பல்லைக் கடித்துக்கொண்டு பாதி மலைவரை பொறுத்தாள். அப்புறம் வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

"அம்மா, ஒண்ணு நீ ஓட்டு, இல்லாட்டி பின்னாடி போய் உக்காரு. ரெண்டுல எதுவோ ஒண்ணு."

அத்தை ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் பின்சீட்டுக்கு வந்தார். அவன் முன்னால் போக வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் மேலே வந்து சேரும்வரை வண்டிக்குள் இன்ஜின் சத்தம் மட்டும்தான். மனைவி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்ததால் அவன் வெளியே வேடிக்கை பார்த்தான்.

ஆனால் நடக்க ஆரம்பித்ததும் அத்தைக்குக் கொஞ்சம் கலகலப்பு வந்துவிட்டது. அவனோடு தனியாக நடப்பது அவருக்கும் புதுசு. என்ன பேசுவது என்று தெரியாமல் பாதையைப் பற்றியே பேசினார். வளைவில் பலகை வைக்கவில்லை, ஏறுகிறவனுக்குத்தான் இறங்குகிறவன் வழிவிட வேண்டும், அது தெரியாமல் வருகிறார்கள் பார்த்தீர்களா மாப்பிள்ளை என்றார். பின்னால் வேகமாக யாராவது வந்தால் ஓரமாக ஒதுங்கி நின்று, வலது கையை நீட்டி முன்னும் பின்னும் அசைத்து, நீங்கள் முந்திப் போகலாம் என்று சைகை காட்டினார். முதுகில் குழந்தையைச் சுமந்துவந்த ஓர் ஆள் அதைப் புரிந்துகொண்டு தானும் கையை நீட்டிக் காட்டிவிட்டுப் போனார். அத்தைக்கு அதில் பெரிய சந்தோஷம்.

இந்தப் பெஞ்சைப் பார்த்ததும் உட்காரலாமா என்று அவர்தான் கேட்டார். மூச்சு வாங்கியது. அங்கே எல்லோருக்கும்தான் வாங்கியது. தண்ணீர் குடித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவ இன்னும் கோவமாத்தான் இருக்காளா?"

"அதெல்லாம் இல்லத்தை. பிள்ளைங்க பின்னாடி ஓடறா, அவ்வளவுதான்."

அத்தை தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினார். பிறகு, அவன் முகத்தைப் பார்க்காமல், வழக்கம்போல் அவனுக்குப் பக்கத்தில் இருந்த காற்றைப் பார்த்துச் சொன்னார்.

"மாப்பிள்ளை, இறங்கும்போது அவளை ரெண்டாவது கியர்லயே வரச் சொல்லுங்க. பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு வந்தா பிரேக் சூடாகி விட்டுடும். நான் சொன்னா கேக்க மாட்டா. நீங்களே சொல்ற மாதிரி சொல்லுங்க."

சரி அத்தை என்றான். கியருக்கும் கிளட்சுக்கும் வித்தியாசம் தெரியாத தான் போய் இதைச் சொன்னால் அவள் எப்படிப் பார்ப்பாள் என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அத்தையின் தலை தோளில் சாய்ந்தது.

அடுத்து வந்த கூட்டத்தில் ஒரு பொடியன் இருந்தான். முத்திரையை மறந்து அத்தையின் எதிரே வந்து நின்றான். "பாட்டி வாய் திறந்திருக்கு," என்றான். அவனுடைய அம்மா அவனை அதட்டி இழுத்துக்கொண்டு போனாள்.

அப்போதுதான் அவன் அத்தையின் கையைப் பிடித்தான். அவன் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவன். அத்தையைப் பற்றி அவனுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே விஷயம் அவருடைய ரத்தம்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூடத்துக்கு வந்து, முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், ஊசி ஏறுவதைப் பார்த்தபடியே கொடுப்பார். போன மாதம்கூடப் பார்த்தான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்தக் கையில் எந்த நரம்பு எங்கே ஓடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். இப்போது மணிக்கட்டில் தேடினான், முழங்கை மடிப்பில் தேடினான், கழுத்தில் தேடினான். எங்கேயும் துடிப்பில்லை.

அவரைப் பெஞ்சில் படுக்கவைத்து நெஞ்சை அழுத்தத் தொடங்கினான். வருஷத்துக்கு ஒருமுறை வேலையிடத்தில் ரப்பர் பொம்மையை வைத்துக் கற்றுத்தருவார்கள். பொம்மைக்கு மாமியார் முகம் இருக்காது. யாராவது வாருங்கள் என்று அவன் கூப்பிட்டது கீழே வளைவுவரை கேட்டிருக்க வேண்டும். ஒரு கணவனும் மனைவியும் ஓடிவந்தார்கள். தான் டாக்டர் என்றாள் அந்தப் பெண். அவன் நகர்ந்து இடம் கொடுத்தான். அவள் நெடுநேரம் முயன்றாள். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. கடைசியில் மண்டியிட்டபடியே நிமிர்ந்தாள்.

"போயிட்டாங்க, சார். ரொம்ப நேரம் ஆகியிருக்கும்." பிறகு ஏதோ மறைத்துவிட்டதுபோல் சேர்த்துக்கொண்டாள். "நான் மாட்டு டாக்டர்தான். ஆனா இது எல்லாத்துக்கும் ஒண்ணுதான்."

அவன் அதற்கு நன்றி சொன்னான். வேறென்ன சொல்வது?

போனில் சிக்னல் இல்லை. டாக்டரின் கணவர் வாயிலில் இருக்கும் பூங்காக் காவலர்களைக் கூட்டிவருவதாகச் சொல்லிக் கீழே ஓடினார். தான் ஏரிக்குப் போய் உங்கள் வீட்டாரிடம் சொல்லவா என்று டாக்டர் கேட்டாள். வேண்டாம் என்றான். முன்பின் பார்த்திராத ஒருத்தி வந்து அதைச் சொல்லி மனைவி கேட்கக்கூடாது. அப்படியானால் நீங்கள் போங்கள், நான் இங்கே இருக்கிறேன் என்றாள் டாக்டர். அதுவும் அவனால் முடியவில்லை. அத்தையை யாரோ ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போக மனம் வரவில்லை. முட்டி வேறு மடங்கமாட்டேன் என்றது. ஏரிக்குப் போனவர்கள் எப்படியும் இதே வழியாகத்தான் திரும்பி வர வேண்டும். காத்திருப்பது என்று ஆயிற்று.

தன் கோட்டைக் கழற்றி அத்தைக்குப் போர்த்தினான். வாயை மூடி, தாடைக்குத் தன் மஃப்ளரைச் சுருட்டி முட்டுக்கொடுத்து வைத்தான். முகத்தை மூடிவிடலாமா என்று டாக்டர் தணிந்த குரலில் கேட்டாள். அவன் மறுத்துவிட்டான். மேலேயிருந்து வளைவு திரும்பினால் முதலில் தெரிவது இந்தப் பெஞ்சுதான். மூடிய முகத்தைப் பெண்கள் தூரத்திலிருந்தே பார்த்துவிடுவார்கள்.

கீழேயிருந்து குடும்பங்கள் வந்துகொண்டே இருந்தன. கம்பம் பெஞ்சுக்குப் பக்கத்தில் இருப்பது பெரிய தொல்லையாகிவிட்டது. அட்டையை நீட்டிக்கொண்டு குழந்தைகள் பாய்ந்து வந்தார்கள், பெற்றவர்கள் பெஞ்சைப் பார்த்ததும் சட்டென்று நின்றார்கள். மாட்டு டாக்டர் ஒரு காரியம் செய்தாள். பெட்டியிலிருந்து முத்திரையின் கயிற்றை அவிழ்த்து, மைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு, கீழ்வளைவில் போய் நின்றுகொண்டாள். வரிசையாக வாருங்கள் என்று அங்கேயே ஒவ்வோர் அட்டையாக வாங்கிக் குத்திக்கொடுத்தாள். பெரியவர்களிடம் ஏதோ காதோடு சொன்னாள். அவர்கள் குழந்தைகளை மறுபக்கம் பார்க்கவைத்து, மலையைக் காட்டிக்கொண்டே பெஞ்சைக் கடந்து போனார்கள்.

அவன் அத்தையின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தான். அழுகை வரவில்லை, வரவில்லையே என்று கொஞ்சம் வெட்கமாக இருந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது, காற்று குளிர்ந்தது. அவன் யோசித்ததெல்லாம் ஒன்றைத்தான். மனைவி கேட்பாள். அம்மா கடைசியாக என்ன சொன்னார்கள் என்று கட்டாயம் கேட்பாள். காலையில் பின்னாடி போய் உட்கார் என்று சொன்ன மகளுக்கு அதைவிட முக்கியமான கேள்வி வேறு இருக்க முடியாது. அவனிடம் இருந்த பதிலோ, நீ ஓட்டுவது சரியில்லை, ரெண்டாவது கியரில் வா என்பதுதான். இதைச் சொன்னால் சாகும்வரை அம்மா தன்னைக் குறைதான் சொன்னாள் என்று ஆகிவிடும். அதையே சுமந்துகொண்டு அவள் மிச்ச நாளைக் கழிப்பாள். சொல்லாமல் விட்டாலும் தப்பு. அழுத கண்ணோடு இந்த மலையை இறக்கி வண்டியை ஓட்டப்போகிறவளும் அவள்தான். பின்சீட்டில் பெண்கள் இருப்பார்கள். பிரேக் விட்டுவிடும் என்று அத்தை சும்மா சொல்லக்கூடியவர் இல்லை.

வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளாததற்காக அவன் முதல்முறையாக வருத்தப்பட்டது அந்தப் பெஞ்சில்தான்.

மேலே சின்னவளின் குரல் கேட்டதும் எழுந்தான். நொண்டி நொண்டி வளைவைத் தாண்டிப் போனான். பெஞ்சு கண்ணில் படுமுன் அவர்களைப் பிடித்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் நினைப்பாக இருந்தது. சின்னவள் அட்டையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா, எல்லாம் சேந்துடுச்சு. ஏரியில கடைசி முத்திரை மீனுப்பா."

"அப்படியா? பரவாயில்லையே," என்றான் அவன். அட்டையை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தான். தள்ளிப்போட அதைவிட வேறு வழி தெரியவில்லை.

மனைவி வந்து நின்றாள். வெயிலில் கன்னம் சிவந்திருந்தது. காலைக் கோபம் எங்கோ ஏரிப்பக்கம் கரைந்துவிட்டிருந்தது. கையில் ஒரு சின்னப் பையில் பன் வைத்திருந்தாள். அம்மாவுக்குப் பசிக்கும் என்று எடுத்து வைத்ததாகச் சொன்னாள்.

"அம்மா எங்க?"

பரிசோதனைக் கூடத்தில் கெட்ட முடிவு வந்தால் சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லக் கேட்டிருக்கிறான். அவனாகச் சொன்னது கிடையாது.

"கீழ பெஞ்சில இருக்காங்க. அம்மா இறந்துட்டாங்க. உக்காந்தபடியே. வலி ஒண்ணும் தெரியல."

அவள் அவனைத் தாண்டிப் போனாள். ஓடவில்லை. பெரியவள் புரிந்துகொண்டு தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னவள் அப்பாவையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள். என்ன நடந்தது என்று அவளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. அவன் அவளைத் தூக்கிக்கொண்டான். தூக்கிக்கொள்ளும் வயது தாண்டியிருந்தது, முட்டி வலித்தது, இறக்கிவிடவில்லை.

மனைவி பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்து அம்மாவின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். கோட்டைக் கழுத்துவரை இழுத்து விட்டாள். குளிருமே என்று நினைத்தவள் மாதிரி அம்மாவின் கை இரண்டையும் கோட்டுக்குள் வைத்தாள். பன் பை மடியிலேயே இருந்தது. சத்தம் போட்டு அழுவாள் என்று அவன் பயந்துகொண்டிருந்தான். அழவில்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் கேட்டாள்.

"ஏதாவது சொன்னாங்களா? என்னைப் பத்தி?"

"சொன்னாங்க. அவ நல்லா ஓட்டறான்னு சொன்னாங்க."

நரம்பில்லாத நாக்கு, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வளைகிறது. பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவனே எதிர்பார்க்கவில்லை. அவள் திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தாள். சரி என்றாள். அப்புறம் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், மறுபடி அவன் பக்கம் திரும்பவே இல்லை. ஏதோ ஒன்றைக் கெடுத்துவிட்டோம் என்று அவனுக்கு அப்போதே தெரிந்தது.

காவலர்கள் ஒற்றைச் சக்கரம் வைத்த படுக்கையோடு வந்தார்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டால் குறுகின பாதையிலும் உருண்டுபோகும். மூத்த காவலர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தலைவலி இருந்ததா, வாந்தி எடுத்தார்களா, இதயக் கோளாறு உண்டா என்று மெதுவாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில். இந்தப் பாதையில் இதுவரை ஒரு கால்சுளுக்குக்கூட வந்ததில்லை சார், இது குடும்பப் பாதை என்றார். அவனுக்கு அவரைப் பார்த்தால் பாவமாக இருந்தது. நீங்கள் என்ன செய்வீர்கள் என்று சமாதானம் சொன்னான்.

கீழே இறங்கும்போது எதிரே வந்தவர்களெல்லாம் ஒதுங்கி நின்றார்கள். மனைவி படுக்கைக்குப் பின்னால் ஒட்டி நடந்தாள். பாறை தட்டிப் படுக்கை குலுங்கிய இடங்களில் மட்டும், பார்த்து, பார்த்து என்றாள். மாட்டு டாக்டர் முத்திரையைப் பெட்டியில் திரும்பக் கட்டிவைத்துவிட்டு, சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

வாயிலில் பூங்காவின் வேன் தயாராக நின்றது. அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், வேனில் கூட ஒருவர் வரலாம் என்றார் காவலர். அங்கேதான் சிக்கல். மனைவி அம்மாவோடு ஏறினால் காரை ஓட்ட ஆள் இல்லை. டாக்டரின் கணவர் தான் காரை ஓட்டிவருவதாகச் சொன்னார். நல்ல யோசனை என்று அவன் வாயெடுப்பதற்குள் மனைவி மறுத்துவிட்டாள்.

"வேண்டாங்க. என் வண்டியை நான்தான் ஓட்டணும்."

அவள் அப்படிச் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. அது யாருடைய குணம் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் நீங்கள் எல்லோரும் ஒன்றாக வாருங்கள், அம்மாகூட நான் போகிறேன், தனியாக விடமாட்டேன் என்றாள் மாட்டு டாக்டர். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாத ஒருத்தி வேனில் ஏறி அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். அப்போதுதான் அவனுக்குக் கண் நிறைந்தது. மூக்கைச் சிந்துவதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வேன் கிளம்பியது. பெண்கள் பின்சீட்டில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அவன் முன்னால் ஏறினான். மனைவி கண்ணாடியைச் சரிசெய்தாள், சீட்டைச் சரிசெய்தாள், இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தாள். சாவியைத் திருகவில்லை.

"அம்மா அப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்க," என்றாள்.

அவன் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டான்.

"நல்லா ஓட்டறேன்னு அவங்க யாரையும் சொன்னதில்ல. டெஸ்ட்ல பாஸானவங்களையே சொன்னதில்ல. நீங்க என்னைத் தேத்தறதுக்காகச் சொன்னீங்க. அப்ப உண்மையில என்னமோ மோசமா சொல்லியிருக்காங்கன்னுதானே அர்த்தம்?"

"மோசமா ஒண்ணும் இல்ல."

"அப்பறம் என்ன? சொல்லுங்க. எதுவா இருந்தாலும் எனக்கு வேணும்."

அவன் சொன்னான். கோபமாக இருக்கிறாளா என்று கேட்டது, இறக்கத்தில் இரண்டாவது கியரிலேயே வரச் சொன்னது, பிரேக் சூடாகிவிடும் என்றது, நான் சொன்னால் கேட்கமாட்டாள் என்றது, எல்லாவற்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். சொல்லிமுடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் டாஷ்போர்டைப் பார்த்தான்.

"நீங்க சொல்ற மாதிரி சொல்லச் சொன்னாங்களா?"

"ஆமா."

"உங்களையா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஸ்டியரிங்கின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் நின்று அழுகை எந்த இடத்தில் தொடங்கியது என்று அவனுக்குத் தெரியவில்லை. பெரியவள் பின்னாலிருந்து கையை நீட்டி அம்மாவின் தோளைத் தொட்டாள். வெகுநேரம் அப்படியே இருந்தார்கள். பக்கத்தில் நின்ற கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின.

பிறகு அவள் துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். வண்டியைக் கிளப்பி, வாயிலைத் தாண்டி, முதல் இறக்கம் தொடங்கும் இடத்துக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்தாள்.

"சரி, சொல்லுங்க," என்றாள்.

"என்ன சொல்ல?"

"அவங்க சொல்லச் சொன்னதை."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். பின்சீட்டில் இரண்டு பெண்களும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இறக்கத்துல ரெண்டாவது கியர்லயே வா. பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு வராதே."

"சரி," என்றாள் அவள்.

கியரைக் குறைத்தாள். இன்ஜின் உறுமிக்கொண்டு வண்டியைப் பிடித்துப் பிடித்து இறக்கியது. வேன் எங்கோ கீழே வளைவுகளில் போய்விட்டிருந்தது. பின்னால் வரிசை சேர்ந்து யாரோ ஹாரன் அடித்தார்கள், அப்புறம் இன்னொருவர் அடித்தார். அவள் வேகத்தைக் கூட்டவில்லை.